பீர் ஐஸ்கிரீமும் முளைப்பாரியும்

என் சித்தப்பா மகளின் முளைப்பாரி என்னுடையதைவிட நாலு விரல் உயரமாக வளர்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அப்போது எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஒன்பது. நான் பிறந்ததிலிருந்து கரிசல் மண்ணில் உருண்டவள். அவளோ பெங்களூரிலிருந்து முழுப்பரீட்சை லீவுக்கு வந்தவள். பாசிப்பயறுக்கும் தட்டாம்பயறுக்கும் வித்தியாசம் தெரியாது. அம்மன் பொங்கலுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே விதையைத்தான் அத்தை சட்டியில் போட்டுக் கொடுத்தாள். அவளுடையது மட்டும் தளதளவென்று வளர்ந்தால் வயிறு எரியுமா எரியாதா?

எனக்கு எரிந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் முளைப்பாரி அறைக்குள் நுழைந்து என் சட்டிக்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாளே அடி அழுகி, பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சாயங்காலம் கும்மியடிக்க வந்த பெண்கள் எல்லாம் அவள் சட்டியைச் சுற்றி நின்றுகொண்டு, "பெங்களூர்ப் பிள்ள கைராசியப் பாருங்கட்டி" என்று மோவாயில் கை வைத்தார்கள். என் சட்டியைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் சித்தப்பா எங்களை வளையல் வாங்கக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருந்த கடையில் 'பீர் ஐஸ்கிரீம்' என்று கொட்டை எழுத்தில் போர்டு. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'போதை கிடையாது, குழந்தைகளும் சாப்பிடலாம்'. இரண்டையும் நான் படித்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். படத்தைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே எனக்கும் சொல்லவா என்று கேட்டார். சரியென்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "முளைப்பாரி போட்டவிய அதெல்லாம் தொடக்கூடாது சித்தப்பா" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டு வெனிலா வாங்கிக்கொண்டேன்.

அவளுக்குக் கண்ணாடிக் கப்பில் தேன் நிறத்தில் வந்தது, மேலே வெள்ளை நுரையோடு. எனக்கு வெனிலா தொண்டையில் இறங்கவில்லை. அவள் மூன்று கரண்டி தின்று, முகத்தைச் சுளித்து, கப்பை ஒதுக்கிவிட்டுக் கை கழுவப் போனாள். சித்தப்பா போனில் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அவ்வளவுதான், கப்பை என் பக்கம் இழுத்துக் கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டேன். ஆத்தாடி, என்ன கசப்பு! வேப்பங்கொழுந்தைச் சீனியில் தொட்டுத் தின்றதுபோல் இருந்தது. துப்ப இடமில்லாமல் விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கும்மி முடிந்ததும், பிள்ளைகளில் அவளே முளைப்பாரியோடு முதலில் போகட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அந்த முதல் இடத்துக்கு இரண்டு வருஷமாக நான் கண் வைத்திருந்தேன். நேற்று வந்தவளுக்கு அதுவுமா?

"அவ மத்தியானம் பீர் ஐஸ்கிரீம் தின்னா அத்தை" என்றேன். பொடி எழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"என்னட்டி சொல்லுத? பீரா?"

சித்தப்பா ஓடி வந்து, அது வெறும் வாசனைதான், போதை கிடையாது என்று போர்டிலேயே போட்டிருக்கிறான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தை அசையவில்லை. "ஆத்தா வந்து போர்டையா படிச்சிக்கிட்டிருப்பா?" என்று ஒரே போடாகப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நீயும் தின்னியா?" என்றாள்.

"நான் வெனிலாதான் தின்னேன்."

சித்தப்பா மகள் என்னைப் பார்த்தாள். பட்டணத்துப் பிள்ளை பயத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பயிர் என்ன பாவம் செய்தது என்று பெண்கள் கூடிப் பேசி, மறுநாள் அவளுடைய சட்டியை என் தலையில் ஏற்றினார்கள். என்னுடைய அழுகலை அத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியாக வந்தாள். கொட்டு முழங்க, ஊரே பார்க்க, முதல் ஆளாக நான் நடந்தேன். அவள் புதுப்பாவாடையும் வெறுங்கையுமாக என் பக்கத்திலேயே வந்தாள். ஊருணிக்குத் திரும்பும் இடத்தில் என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, உனக்கும் கசந்துச்சா?"

கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்! இத்தனை நேரம் மனசுக்குள் வைத்திருந்து, இப்போது நடுத்தெருவில் என் மானத்தை வாங்கப்போகிறாள். தலையில் சட்டி ஆடியது. அவள் சட்டென்று இரண்டு கைகளையும் என் தலைக்கு மேலே நீட்டினாள். தள்ளிவிடத்தான் வருகிறாள் என்று நினைத்து, அந்தக் கைகளைப் பட்டென்று தட்டிவிட்டு, சட்டியை நானே பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை பெங்களூருக்குப் போய்விட்டாள். நான் தப்பித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். அந்தக் கைகள் சரியப்போன சட்டியைப் பிடிக்க வந்தவை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.