கிரேன் கூண்டில் ஒரு தண்ணீர் பாட்டில்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் எல்லோருக்கும் அவள் 'மேலக்கா'. அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? எத்தனை பெரிய இரும்பு உத்தரமானாலும், தூங்கும் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல இறக்குவாள்.

அந்தக் கூண்டில் எல்லாம் உண்டு, கழிப்பறை மட்டும் கிடையாது. ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் உயிர் போய்விடும். அதனால் மேலக்கா தண்ணீரே குடிக்கமாட்டாள். தொண்டை வறண்டால் ஒரு மடக்கு கூல்டிரிங்ஸ், கண் சொருகினால் இன்னொரு மடக்கு. வருஷக்கணக்காக இதே கதை. கடைசியில் கம்பெனி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அடுத்த பரிசோதனைக்குள் ரத்தத்தில் சர்க்கரை குறையாவிட்டால் கிரேனில் ஏறக் கூடாது.

"பூ, இவ்வளவுதானா!" என்று சர்க்கரை இல்லாத பாட்டிலுக்கு மாறினாள். அங்கேதான் வந்தது வினை. பாட்டிலில் இல்லை என்ற தைரியத்தில், கீழே இறங்கியதும் கிரீம் பன்னை ஒரு கை பார்த்தாள். வீட்டுக்காரர் முறைத்தால், "அதான் கூல்டிரிங்ஸ்ல மிச்சம் பிடிச்சிட்டேனே!" என்பாள். நல்ல கணக்கு போங்கள்! மறுபடி பார்த்தபோது சர்க்கரை இம்மியும் அசையவில்லை.

"சர்க்கரை இல்லாததைத்தானே குடிச்சேன் டாக்டர்?"

"சரிம்மா. நாள் முழுக்க நாக்குக்கு இனிப்பையே காட்டினா, அது பன்னைக் கேக்காம என்ன செய்யும்? இதுதான் கடைசி வாய்ப்பு."

வெளியே வந்தவளுக்கு அழுகை முட்டியது. அந்தக் கூண்டை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? முகத்தைக் கழுவிக்கொண்டாள். மறுநாளே தண்ணீர் பாட்டிலோடு ஏறினாள். அவசரம் வந்தபோதெல்லாம் கிரேனை நிறுத்திவிட்டு இறங்கினாள். மேஸ்திரி தாம்தூம் என்று குதித்தார்.

"என்னக்கா, இப்படி இறங்கிட்டே இருந்தா வேலை எப்ப முடியறது?"

"தம்பி, நான் ஒரேயடியா இறங்கிட்டா யாரை ஏத்துவீங்க?"

மேஸ்திரி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் நாக்கு படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பன் கடை வந்தால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் கெஞ்சியது, அவள் மசியவில்லை.

சர்க்கரை குறைந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; ஜில்லென்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

"சர்க்கரை இல்லாததுதான்க்கா, குடிங்க."

"நீங்களே குடிங்க தம்பி. எனக்கு மேல வேலை கிடக்கு."

தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.