கழித்தபின் மிஞ்சியது

ஆவி, குறி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. முப்பத்தொரு வருடம் ஒலிப்பதிவு வேலை பார்த்தவன் நான், ஒரு சத்தம் கேட்டால் அது எந்த வயரிலிருந்து வருகிறது என்று தேடித்தான் பழக்கம், கும்பிட்டுப் பழக்கமில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

யுத்தம் முடிவதற்கு இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. மாத்தளை டவுனில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. கொழும்பில் ஒரு ஸ்டூடியோவை மூடியபோது வாங்கிய ஒலிகளைக் கலக்கும் பதினாறு சனல் மிக்சர் அங்கே இருந்தது, ஆறு பேர் சேர்ந்து தூக்கி வைத்தது. என் மகள் சுமதி அதைத் தொடவே மாட்டாள், குரலையும் வாத்தியங்களையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே கலந்து முடித்துவிடுவாள். மிக்சர் வழியாகப் போனால்தான் பாட்டுக்கு ஒரு உடம்பு வருகிறது என்பேன் நான்.

"அது உடம்பு இல்லப்பா, இரைச்சல். அந்தப் பெட்டியில வர்ற 'ஸ்ஸ்'ஸத்தான் நீங்க உடம்புங்கிறீங்க" என்பாள் அவள்.

அந்த வருடம் ஸ்டெல்லா என்ற பெண் பாட வந்தாள். யட்டவத்த பக்கம் தோட்டத்துப் பிள்ளை. அவள் கணவன் ரொபட் லொறி டிரைவர், தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போனவன் திரும்பவில்லை. லொறி மட்டும் ரோட்டோரத்தில் கதவு திறந்தபடி கிடைத்தது. பதினான்கு மாதமாகிவிட்டது. காணாமற் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்பதால், அவருக்கு ஒரு பாட்டுப் பாடி சீடியாக்கி வஹகோட்டையில் அவர் கோயில் திருவிழாவில் போடுவதாக அவள் நேர்ந்திருந்தாள். கூட வந்திருந்தவர் ரொபட்டின் அண்ணன் சேவியர்.

"திருவிழா வரைக்கும் பாப்போம் சார்" என்றார் அவர். "அதுக்குள்ள சேதி வரலன்னா தம்பி செத்துட்டான்னு ஆத்தும பூசை குடுத்துருவோம். அம்மா படுத்த படுக்கையா கெடக்கு. அவன் இருக்கானா இல்லையான்னு தெரியாம கண்ணை மூட மாட்டேங்குது."

ஸ்டெல்லா மறுக்கவில்லை, தரையைப் பார்த்துத் தலையாட்டினாள். சேவியரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அதைச் சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

அடுத்த வாரம் சீடி வாங்க இருவரும் வந்தார்கள். பகல் மூன்று மணி, நல்ல மழை. அதே பாட்டை நான் மிக்சரில் ஒரு தரம் கலந்திருந்தேன், சுமதி கம்ப்யூட்டரில் ஒரு தரம். எதைக் கொடுப்பது என்று வந்தவர்கள் முன்னாலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"கழிச்சே பாத்துருவோம்பா" என்றாள் அவள்.

அது ஒன்றும் மந்திரமில்லை. இரண்டு கலவையையும் ஒரே அளவுக்கு வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாகப் புரட்டி மற்றதோடு சேர்த்தால், இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று தின்றுவிடும், வித்தியாசம் மட்டும் மிஞ்சும். இரைச்சலும், பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் பாட்டின் மெல்லிய நிழலும் மிஞ்சும் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தோம், அவையும் இருந்தன. நம்பினால் நம்புங்கள், அவற்றுக்கு அடியில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூக்கால் இழுக்கும் மூச்சு, இழுக்கும்போது நுனியில் ஒரு சின்ன விசில். பாட்டின் தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"ஒங்க பெட்டிக்கு ஆஸ்துமா சார்" என்று சேவியர் சிரித்தார்.

நான் ஃபேனை நிறுத்தினேன், மைக்குகளைக் கழற்றினேன். ஸ்டெல்லா பாடும்போது எடுத்த மூச்சுகளாக இருக்குமோ என்றால், அந்த இருபத்திரண்டையும் சுமதி முதல் நாளே ஒவ்வொன்றாக வெட்டி எறிந்திருந்தாள். முதலிலிருந்து மறுபடி மிக்சரில் கலந்து, மறுபடி கழித்தோம். மறுபடியும் வந்தது. நான்கு நிமிடப் பாட்டில் அறுபத்தெட்டு மூச்சு, எண்ணினேன்.

ஸ்டெல்லா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவருதான். லொறியிலருந்து விழுந்து மூக்கெலும்பு ஒடைஞ்சதுலருந்து இப்பிடித்தான் மூச்சு விடுவாரு. இந்த விசில் தாங்காம எத்தன நாள் தலகாணியத் தூக்கிக் கால்மாட்டுல போட்டுப் படுத்திருக்கேன்!"

"கிறுக்குப் புடிச்ச மாதிரி பேசாத ஸ்டெல்லா."

"அத்தான், செத்தவங்க மூச்சு விடுவாங்களா?"

 சேவியர் மழைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொருக்கா போடுங்க சார்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பூசை கொடுக்கவில்லை. சேவியரின் அம்மாவைக் கேட்கவைப்பதற்காக அந்த மிச்சத்தை ஒரு சீடியில் பதிந்து கொடுத்தோம், அதில் வெறும் இரைச்சல்தான் இருந்தது என்று சேவியர் திருப்பிக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் அது கேட்டது. யாருடைய டெலிபோனையோ மிக்சர் பிடித்திருக்கும் என்றார் பழைய சிநேகிதர் ஒருவர். இருக்கலாம். நான்கு நிமிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் யார் டெலிபோன் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டேன்.

யுத்தம் முடிந்தது. சேவியரின் அம்மாவும் போய்விட்டார். ரொபட்டைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கோயிலுக்குப் போய்விட்டு, மெழுகுதிரி வாசத்தோடு ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சுமதி எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். நான் கம்ப்யூட்டரில் அந்த ஒலிக்கோப்பைத் திறந்துவிட்டு வாசலில் நிற்பேன், ஸ்டெல்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பாள்.

போன திருவிழாவுக்கும் வந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டவள், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வெளியே வருகிறவள்போல மெதுவாகச் சொன்னாள்:

"மூச்சு கொறைஞ்சிருக்கு சார். அலைச்சல் தீந்து தூங்குறாரு போல."

அவள் போனபின் அந்தக் கோப்பைச் சோதித்தேன். அளவு மாறவில்லை, சேமித்த தேதி மாறவில்லை, ஓர் இலக்கம்கூட மாறவில்லை. ஒலிநாடா என்றால் தேயும், இது தேய்கிற பொருளில்லை. ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, விசையை அழுத்தாமல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுப் படியைக்கூட எண்ணித்தான் ஏறுகிறவன் நான். அந்த மூச்சுகளை மட்டும் இன்றுவரை மறுபடி எண்ணவில்லை.