மோட்டாருக்குப் பின்னால் கட்டிய சைக்கிள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஞாபகமும் முன்போல இல்லை, நேற்றுச் சமைத்ததே மறந்துபோகிறது. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு காலைப்பொழுது மட்டும் ஓரளவு முழுசாக நினைவில் நிற்கிறது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், நானும் என் தம்பியும் மட்டும் குடியிருந்தோம். அப்பா அம்மா போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் அவர் தவறிப்போனார். அதன்பிறகு தம்பிதான் எனக்கு எல்லாம். அவனுக்கு அம்மை குத்தும் உத்தியோகம் கிடைத்தது. செங்கல்பட்டுக்கு அப்பால் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குக் குத்த வேண்டும். சொந்த சைக்கிளோடு வந்து சேர்ந்தால்தான் வேலை என்று காகிதத்திலேயே எழுதியிருந்தது. தங்க ஓர் இடம் அமைந்ததும் என்னைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னான். நானும் சரி சரி என்றேன்.

அந்தப் பக்கம் போகிற ஒரு டாக்டர் தம் மோட்டாரில் அவனுக்கு இடம் கொடுத்தார். காலையில் வண்டி வந்து வாசலில் நின்றது. நான் கிணற்றடியை விட்டு வரவில்லை. நல்ல காரியமாகக் கிளம்புகிறவர்களுக்கு எதிரே என்னைப் போன்றவள் வரக்கூடாது. யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரியும். வீட்டு நடை வழியாக மோட்டாரின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அங்கே ஸ்டெப்னி சக்கரமும், அதற்குக் கீழே பெட்டி வைக்க ஓர் இரும்புச் சட்டமும் இருந்தன. தம்பி சைக்கிளைத் தூக்கி அதன்மேல் வைத்தான்.

டிரைவர் ஒரு சாயபு. ராயப்பேட்டைக்காரர் என்று நினைக்கிறேன். வாய் ஓயவே ஓயாது.

“இன்னா நைனா, அப்டியே வெச்சிட்டே? ஹேண்டில் நீட்டிக்கினு கீது பாரு. சைதாப்பேட்ட போறதுக்குள்ள எவன் வேட்டியயாவது உருவிக்கினு வந்துரும்.”

தம்பி சிரித்துக்கொண்டே மறையைத் தளர்த்தி ஹேண்டிலைச் சைக்கிளோடு ஒட்டினாற்போல் திருப்பினான். வர்ணம் தேயாமலிருக்க நடுவில் ஒரு சாக்கை மடித்து வைத்தார்கள்.

“டயர பொகக் கொழா கிட்ட வெக்காதே, வெந்துரும். நம்பரும் செவப்பு லைட்டும் வெளிய தெரியணும். அத்த மறைச்சா போலீஸ்காரன் நம்மள புட்ச்சிக் கட்டிருவான்.”

எல்லாம் சரியாக வைத்தபிறகு டிரைவர் கொண்டுவந்த கயிறு இழுத்த இழுப்பில் அறுந்துபோயிற்று. தம்பி கிணற்றடிக்கு ஓடிவந்தான். நான் அப்போதுதான் தண்ணீர் சேந்திவிட்டு நின்றிருந்தேன். “அக்கா, கயிறு குடு, சீக்கிரம்” என்று தேங்காய் நார்த் தாம்புக்கயிற்றை வாளியிலிருந்து அவிழ்த்துச் சொட்டச் சொட்டக் கொண்டுபோனான். மூன்று இடத்தில் இழுத்துக் கட்டினார்கள். டிரைவர் பிடித்து உலுக்கினார். மோட்டார்தான் ஆடியது, சைக்கிள் ஆடவில்லை.

“வண்டியே கவுந்தாலும் இது வுழாது நைனா.”

ஈரக் கயிறு கட்டும்போது கல் மாதிரி இருக்கும். வெயில் ஏறிக் காய்ந்தால் தொளதொளத்துவிடும். காலையில் நான் இறுக்கிப் போடுகிற வாளி முடிச்சு மத்தியானம் நெகிழ்ந்துகிடக்கும். இரண்டு தரம் வாளி கிணற்றோடு போயிருக்கிறது. அது எனக்குத் தெரியும், வாசலில் இருந்த தம்பிக்கும் டிரைவருக்கும் டாக்டருக்கும் தெரியாது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சைக்கிள் விழுந்து நசுங்கினால் வேலை கிடையாது, வேலை இல்லையென்றால் தம்பி திரும்பி வந்துவிடுவான் என்றும் ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்றால் பொய்.

“அக்கா, போயிட்டு வரேன்!” என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தான். சரி என்றேன். அவன் காதில் விழுந்ததோ என்னவோ. சந்து குறுகல், மோட்டார் பின்னால் போய் முன்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. கிளம்பியவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. எதிரே போய் நிற்கவும் கூடாது. அவன் நடுரோட்டில் நசுங்கிய சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல என் கண்ணுக்குத் தெரிந்தது. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பின்சந்து வழியாக ஓடினேன். மோட்டார் சந்து முனைக்கு வரவும் நான் நேர் எதிரே போய் நிற்கவும் சரியாக இருந்தது.

“இன்னாமா, சாவ வந்தியா?” என்று டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

தம்பி இறங்கினான். முகம் கறுத்துவிட்டது. “மொத நாளு அக்கா! இன்னிக்குப் போயி எதிர்ல வந்து நிக்கிறியே.”

தலையைக் குனிந்துகொண்டு, “கயிறு ஈரம். காஞ்சா தளந்துடும்” என்றேன்.

அவன் பின்னால் போய் இழுத்துப் பார்த்தான். இரும்பு மாதிரி இருந்தது. “நல்லாத்தானே இருக்கு? என்னை அனுப்ப மனசில்லேன்னா அப்படிச் சொல்லு. எதுக்கு இந்தச் சாக்கு?”

“சாக்கு சைக்கிளுக்கு அடியில கீது நைனா. அக்கா கயித்த சொல்லுது” என்றார் டிரைவர்.

உள்ளே இருந்த டாக்டர் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. டாக்டர், “காஞ்ச கயிறு இருந்தா மாத்திக் கட்டுங்க” என்றார். நான் வீட்டுக்குப் போய்த் துணி உலர்த்துகிற கொடியை அறுத்துக்கொண்டு வந்தேன். டிரைவர் மாற்றிக் கட்டும்வரை தம்பி சகுனம் கழிய வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தரம் போயிட்டு வரேன் என்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கார்டு வந்தது. சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, வேலையில் சேர்ந்தாயிற்று என்று எழுதியிருந்தான். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு அங்கேயே பெண் பார்த்துக் கல்யாணம் ஆயிற்று. அவர்களுக்கே ஓர் அறைதான், நான் எங்கே போய் இருப்பது? எப்போதாவது போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவேன். “சாக்கு சொல்லி மோட்டாரையே நிறுத்தினவ எங்க அக்கா” என்று பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரிப்பான். நானும் கூடச் சிரிப்பேன். கடைசிவரை அவன் அப்படித்தான் நினைத்திருந்தான். இப்போது அவனும் இல்லை.

வாளி முடிச்சு நெகிழ்ந்தது நிச்சயம். மோட்டாரில் கட்டிய கட்டும் அப்படி நெகிழ்ந்திருக்குமா என்று நான் யாரையும் கேட்டதில்லை, கேட்கக் கூச்சம். இதைப் படிக்கிறவர்கள் யாராவது, வீட்டில் தேங்காய் நார்க்கயிறு இருந்தால், நன்றாக நனைத்து ஒரு கனத்த சாமானை இறுக்கிக் கட்டி, ஒரு வேளை வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் சொன்னது சரியா, தப்பா என்று மட்டும் எழுதினால் போதும்.