மல்லாந்து நீந்தியவனின் இடது காது

செத்த எலி என்றுதான் முதலில் நினைத்தோம். என் மனைவி மீனாள் கட்டிலை நகர்த்திப் பார்த்தாள். நெல் மூட்டைகளை இடம் மாற்றினோம். கூரை ஓட்டைப் பிரித்துப் பார்க்க ஆள் கூப்பிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் தலையணையை எடுத்து முகர்ந்தவள் அதை அப்படியே கீழே போட்டாள். நாறியது என் இடது காது.

காதில் சீழ் வடிகிறவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சளி பிடித்தால் பலருக்கும் காது வடியும், நின்றுவிடும். அது நாற ஆரம்பித்தால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அறுபதுகளில் நான் இந்தியாவுக்காக நீந்தியவன். கல்லல் பக்கத்துக் கண்மாயில் கற்றுக்கொண்டு, காரைக்குடிக் கல்லூரியில் பந்தயத்துக்கு இறங்கி, சென்னைக் குளத்தில் தேறி, இரண்டு முறை கடல் கடந்து போய்ப் போட்டியிட்டேன். இரண்டாம் முறை வெண்கலம் கிடைத்தது. மல்லாந்து நீந்துவது என் வகை. மல்லாந்து நீந்துகிறவனுக்குப் போகும் திசை கண்ணில் படாது. வானத்தைப் பார்த்துக்கொண்டே கோடு போட்டதுபோல் போக வேண்டும். நீச்சல் பாதையைப் பிரிக்கும் பக்கத்துக் கயிற்றில் என் கை பட்டதே இல்லை. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

அப்படி நீந்துகிறவனின் காது எந்நேரமும் தண்ணீருக்குள்தான் கிடக்கும். வெண்கலம் வாங்கிய அந்த வெளிநாட்டுக் குளத்திலேயே எனக்குக் காது வலித்தது, வடிந்தது. ஊர் திரும்பியதும் ஆத்தா பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக ஊற்றினாள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் உச்சியிலும் தொப்புளிலும் காதிலும் எண்ணெய் வைக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் விடமாட்டார்கள். உள்ளே ஓட்டை இருந்தது யாருக்கும் தெரியாது. எண்ணெயும் சீழும் பூண்டும் சேர்ந்து ஒரு வாடை வந்தது பாருங்கள், இன்றைக்கும் இலையில் பூண்டைக் கண்டால் ஒதுக்கிவைக்கிறேன்.

காரைக்குடி டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறையில் (காதுக்குள் ஒலி வந்து மோதும் மெல்லிய தோல்) ஓட்டை என்றார். எண்ணெய் கூடாது, தண்ணீர் கூடவே கூடாது, மதுரையில் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார். அடுத்த வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. காது ஆறினால் போவேன், ஆறாவிட்டால் என் நீச்சல் அதோடு சரி. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஊருக்கும் தெரியும்.

தெரிந்தும்தான் வரவேற்பு வைத்தார்கள். எங்கள் ஊர் அம்பலம், அதாவது ஊர்த் தலைவர், எனக்குச் சித்தப்பா முறை. கோயில் திருவிழாவையொட்டி மாலை, நாயனம், மைக் செட்டு எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். நான் ஊருணியில் நீந்திக் காட்ட வேண்டும் என்று மைக்கில் சொன்ன பிறகுதான் என்னிடம் சொன்னார். டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன்.

"சனம் பூராம் வந்து நிக்குதப்பா. இங்குட்டு எறங்கி அங்குட்டு ஏறிட்டா முடிஞ்சுபோச்சு. காதுல பஞ்சை வச்சுக்க" என்றார்.

எங்கள் ஊரில் இரண்டு ஊருணி. ஒன்று குடிக்க, மற்றது குளிக்க. குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் வைக்கக் கூடாது. குடத்தைச் சாய்த்து மொண்டுகொண்டு வர வேண்டும். கண்ணாடிபோல் கிடக்கும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதில் இறங்குகிறேன் என்று எரிச்சலில் சொன்னேன். அம்பலத்தின் முகம் சிவந்துவிட்டது.

"சீழுக் காதோட குடிக்கிற தண்ணியில எறங்குவியா நீயி?"

அந்தக் கட்டுப்பாட்டில் எனக்கும் மதிப்பு உண்டு, சத்தியமாக இறங்கியிருக்கமாட்டேன். ஆனால் அவர் கேட்டது மனதில் ஒட்டிக்கொண்டது. என் காதிலிருந்து தண்ணீரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தண்ணீரிலிருந்து என் காதைக் காப்பாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. குளிக்கிற ஊருணியில் முதல் நாள்தான் கிடாவெட்டு முடித்து ஆட்டுக் குடல்களை அலசியிருந்தார்கள். படித்துறை ஓரம் கொழுப்பு மிதந்தது. நாலு எருமைகளை அப்போதுதான் கரையேற்றி, எனக்கு இடம் விட்டிருந்தார்கள்.

இறங்கினேன். மறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள், மாலையும் கழுத்துமாக ஊர் நடுவில் நின்று பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

பாதி தூரத்தில் வானம் சுழன்றது. மேல் எது கீழ் எது என்று பிடிபடவில்லை. பாசிக்குள் போய்ச் சொருகிக்கொண்டேன். யாரோ இழுத்துப் போட்டார்கள். படித்துறையில் குடலே வெளியில் வருவதுபோல் வாந்தி எடுத்தேன். அதையும் ஏதோ வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

காய்ச்சல் வந்தது. காதுக்குப் பின்னால் வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் சொன்ன பெயர் கொலஸ்டியடோமா (ஓட்டை வழியாக உள்ளே புகுந்த தோல் வெளியேற வழியில்லாமல் திரண்டு, அழுகி, சுற்றியுள்ள எலும்பை அரிப்பது). வெகுநாளாகவே இருந்திருக்கும், அழுக்குத் தண்ணீர் அதைக் கிளறிவிட்டது என்றார். அடுத்து மூளைக்குப் போகும், அதற்குள் மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு) எலும்பைச் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். என் தலைக்குள் நாள்கணக்கில் ஒன்று அழுகிக்கொண்டிருந்தது என்று கேட்டதும் எனக்குப் பயத்துக்கு முன்னால் அருவருப்புதான் வந்தது.

பாதித் தலையை மழித்தார்கள். உளி வைத்துச் செதுக்கினார்கள். அந்தக் குழிக்குள் மருந்துத் துணியைத் திணித்து வைத்தார்கள். அதை உருவும் நாளில் வந்த வாடையை எழுதினால் நீங்கள் பக்கத்தை மூடிவிடுவீர்கள். கட்டில் சுற்றியது. கண்ணை மூடினாலும் சுற்றியது. கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன், கை பட்ட சுவரெல்லாம் பிசுக்கு.

அம்பலம் ஆப்பிளோடு வந்தார். ஊர்க் கண் பட்டுவிட்டது, சுற்றிப்போட வேண்டும் என்றார். நான் நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த மனிதர் பேசுவது கொஞ்சமும் கேட்கவில்லை. ஆபரேஷனில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

தையல் பிரித்த அன்று டாக்டரிடம் கேட்டேன்.

"எப்ப நீந்தலாம் டாக்டர்?"

"தலையில தண்ணி படக்கூடாது."

"எத்தனை மாசத்துக்கு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இருக்கிற வரைக்கும்" என்றார். "பேலன்ஸ் நரம்பு பாதி போயிருச்சு. தண்ணிக்குள்ள கண்ணை மூடினா உங்களுக்கு மேல கீழ தெரியாது. முங்கினா வரமாட்டீங்க."

வீட்டில் மீனாள்தான் குழியைத் துடைத்துத் திரி வைத்தாள். ஒரு நாளும் முகம் கோணவில்லை. ரொம்ப நாறுகிறதா என்று தினமும் கேட்டு நச்சரித்தேன்.

"நாறத்தான் செய்யுது. கேட்டுக்கிட்டே இருக்காதீக. திரும்பிப் படுங்க" என்றாள்.

வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்தாள் என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. இன்றும் நான் குளிக்கும்போது காதில் வாசலின் தடவிய பஞ்சை அடைத்து, குழந்தைக்கு ஊற்றுவதுபோல் கழுத்துக்குக் கீழே அவள்தான் ஊற்றுகிறாள். ஒரு சொட்டு உள்ளே போனால் சுவர் சுழலும். வினாடியைப் பத்தாகப் பிரித்து வாழ்ந்தவன் நான். சுழற்சி நிற்கும்வரை எவ்வளவு நேரம் அவள் தோளைப் பிடித்திருப்பேன் என்பது எனக்கே தெரியாது.

எழுபதுகளில் ஒரு வருடம் மழை பொய்த்து, குளிக்கிற ஊருணி வற்றியது. தூர் எடுத்துப் புதுப் படித்துறை கட்டி, என் பெயரைப் பொறிக்கப்போவதாக அம்பலம் சொல்லியனுப்பினார். வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டுக் கரையில் நின்றேன். ஈரம் காயாத சேற்றில் உடைந்த சட்டி, எலும்பு, மயிர்ச்சுருள். இதில்தான் என்னை இறக்கினார்கள்.

எதிர்க்கரையில் வேப்பமரத்தடியில் மீனாள் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பந்தயத்தில் செய்வதுபோல் முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சேறு கணுக்கால்வரை இழுத்தது. நேராகத்தான் போனேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கரையைத் தொட்டுத் தலையைத் தாழ்த்தினால், எதிரே மீனாள். அப்படியானால் சரியாகத்தான் வந்திருக்கிறேன் என்று திரும்பிப் பார்த்தேன். என் கால் தடம் பாதியிலிருந்தே இடது பக்கமாக வளைந்து வந்திருந்தது. வேப்பமரம் வெகுதூரத்தில் தனியாக நின்றது.

நான் வந்து சேரும் இடத்துக்கு அவள்தான் நடந்து வந்திருக்கிறாள்.

கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போனதும் காலைக் கழுவுங்க. நாறுது."