நாரணாபுரத்தில் ஒரு வாடகை அறை

மைசூரிலிருந்து தூத்துக்குடி செல்லும் ரயில் காலை எட்டேகாலுக்கு எங்களை விருதுநகரில் இறக்கிவிட்டது. ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை. நானும் அப்பாவும். கையில் ஒரு தகரப்பெட்டி, ஒரு கோணிப்பையில் பாய், தலையணை, குக்கர். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை தமிழ்நாடு என்றால் திருப்பத்தூரில் இருக்கும் அத்தை வீடுதான். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று பதினெட்டு வயதுவரை ஓட்டியவள், அச்சுத் தொழில்நுட்பம் படிக்க சிவகாசிக்கு வந்திருந்தேன். கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் கிடைத்த இடம்.

அப்பா பெங்களூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் விடியற்காலை ரயிலில் ஏறி பெங்களூர் போய், இரவு திரும்புகிறவர்கள். அப்பாவும் அப்படித்தான். அவருக்குக் கிடைத்தது இரண்டு நாள் விடுப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி வண்டியில் அவருக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்திருந்தோம். அதற்குள் கல்லூரியில் சேர்ந்து, நான் தங்க இடமும் பார்த்தாக வேண்டும்.

பழைய பஸ் நிலையத்தில் சிவகாசி பஸ்ஸில் ஏறினோம். இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆளுக்கு இருபது ரூபாய். கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ஊருல இருந்து வாறீக?"

"கேஜிஎஃப்."

"அங்கன தங்கம் இன்னும் எடுக்காகளா?"

"இல்லப்பா. மூடி ரொம்ப வருசம் ஆச்சு."

"அப்ப பொழப்புக்கு என்ன செய்றீக?"

"ரயில்ல போறோம், ரயில்ல வர்றோம்" என்றார் அப்பா. கண்டக்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்த இரண்டு நாளில் அப்பா சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று பின்னால் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேல மரங்கள், கருத்த மண், நடுவே தனித்தனியாக நின்ற சின்னச் சின்ன வெள்ளைக் கட்டடங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஏன் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணு தப்பிக்கணும்ல" என்றார் முன்சீட்டில் இருந்த ஒருவர், திரும்பிக்கூடப் பார்க்காமல். அப்பா அதன் பிறகு ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்குக் கல்லூரி அலுவலகம். சான்றிதழ்களைச் சரிபார்த்த அலுவலக அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல் நிறைஞ்சு போச்சு சார். டிசம்பர்ல ரெண்டு இடம் காலியாகும். அதுவரைக்கும் வெளியதான் பாக்கணும். நாளைக்கு நாலு மணிக்குள்ள தங்குற விலாசம் எழுதிக் குடுத்துட்டீகன்னா சேர்க்கை முடிஞ்சுரும். இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிரும்."

வெளியே வந்ததும் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு ரூம்பு கிடைக்காமலா போவுது" என்றார்.

டவுனில் முதலில் பார்த்த மாடி வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே கூரைவரை அட்டைப்பெட்டிகள். தீபாவளி சீசன் முடியும்வரை டப்பா ஸ்டாக் வைக்க விட்டிருப்பதாகவும், நவம்பரில் வந்தால் தருவதாகவும் வீட்டுக்காரர் சொன்னார். அடுத்து பார்த்த இரண்டு இடங்களில் வயசுப் பிள்ளையைத் தனியாக வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். மூன்று மணிக்கு, யாரோ சொல்லி, வந்த வழியிலேயே திரும்பி ஆமத்தூருக்குப் போனோம்.

பெரிய வீடு. வாசலில் டிராக்டர் நின்றது. வீட்டுக்கார அம்மாள் எங்களை வாங்க என்று கூப்பிட்டு, வாசலிலேயே சேர் போட்டு, எவர்சில்வர் டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பெருங்காயமும் கொத்தமல்லியும் போட்ட மோர். பின்கட்டில் தனி வாசலோடு ஓர் அறை இருந்தது. பஸ் நிறுத்தம் நூறடி தூரம். கிணற்றுத் தண்ணீர். எனக்கு அங்கேயே பெட்டியை இறக்கிவிடலாம் போலிருந்தது.

"பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"திருப்பத்தூர் பக்கம்மா. எங்க பாட்டன் காலத்துலயே சுரங்கத்துக்குப் போயிட்டாங்க" என்றார் அப்பா.

"அப்பிடியா. நீங்க எந்த ஆளுக?"

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி உடனே புரியவில்லை. எங்கள் லைனில் எல்லோரும் ஒரே ஆட்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. அவர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் யாருக்கும் எங்களைத் தெரியாது. ஆனால் அவர், தன் பெயரைச் சொல்வதைப் போல, சாதாரணமாகச் சொன்னார்.

அம்மாளின் முகம் மாறவில்லை. "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். போன் நம்பரு எழுதி வச்சிட்டுப் போங்க" என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. அப்பா எழுதிக் கொடுத்தார். தெருமுனையில் நான் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் குடித்த டம்ளர்கள் இரண்டும் சேருக்குக் கீழேயே இருந்தன. அம்மாள் வாளியில் தண்ணீரோடு வந்து, எட்ட நின்று அவற்றின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்பா பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. பஸ்ஸுக்கு நின்றபோது, "பசிக்குதாமா?" என்று மட்டும் கேட்டார். போன் வரவில்லை.

அன்றைக்குச் சிவகாசி பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு லாட்ஜில் முந்நூற்றைம்பது ரூபாய்க்குத் தங்கினோம். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் அப்பா விவரம் சொன்னார். அவர் பெயர் முருகேசன்.

"எங்க மதினி வீட்டுல ஒரு ரூம் கிடக்கு. நாரணாபுரத்துல. மூணு நாலு கிலோமீட்டர்தான். ஆனா சுத்தி வெடி கம்பெனிக, அதை இப்பவே சொல்லிப்புடுறேன்."

அப்பா யோசித்தார். நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மதினியின் பெயர் செல்லத்தாய். நாற்பது வயதிருக்கும். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் வேலை. மேகம் மூடிக் கிடந்ததால், காயப்போட்டது காயாது என்று அன்றைக்குக் கம்பெனியில் வேலை இல்லை. அதனால்தான் வீட்டில் இருந்தார். அவர் கணவர் லாரி ஓட்டுகிறவர். தீபாவளி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். பிள்ளைகள் இல்லை. வீட்டின் ஓரத்தில் பத்துக்குப் பத்தில் ஒரு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல். வாடகை ஆயிரத்து இருநூறு.

"துணைக்கு ஒரு பொம்பளப் பிள்ள இருந்தா எனக்கும் நல்லதுதான். சாப்பிட்டீகளா?" என்றார்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பியபோது நான் முந்திக்கொண்டேன். நேற்றைய மோர் இன்னும் தொண்டையில் நின்றது. "அக்கா, முதல்லயே சொல்லிடறேன்" என்று தொடங்கி நாங்கள் யார் என்பதைச் சொல்லி முடித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அப்பா என்னைப் பார்த்தார்.

செல்லத்தாய் அக்கா கதவு நிலையில் கையை ஊன்றி நின்றார். "அதை நான் கேட்டனா? நைட்டெல்லாம் லைட்டைப் போட்டுப் படிப்பியா, கரண்டு பில்லுல பாதி தருவியா, அதைச் சொல்லு தாயி."

எனக்கு அழுகை வந்தது. தருகிறேன் என்று தலையை ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து, வெளியே எங்கோ ஓர் அதிர்வெடி வெடித்தது. சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அக்கா கண்ணைக்கூட இமைக்கவில்லை. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"வேணாம்மா. ஊருக்குப் போவலாம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

எனக்கு அப்பாவின் அண்ணனைப் பற்றித் தெரியும். சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்து இறந்தவர். அப்போது அப்பாவுக்குப் பதினைந்து வயது. சங்கு ஊதியதும் ஊரே ஓடிப்போய் சுரங்க வாசலில் நின்றதாகவும், இரண்டு பகல் அங்கேயே நின்றதாகவும் அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பா ஒருநாளும் அதைப் பேசியதில்லை. அன்றைக்கு அந்த முன்பின் தெரியாத அக்காவிடம் பேசினார்.

"வெடிச் சத்தம் கேட்டா, யார் வூட்ல எழவு விழுந்துச்சோன்னுதான் எங்களுக்குத் தோணும். அந்த பயம் எம்பொண்ணுக்கு வேணாம்னுதான் படிக்க வெச்சேன்."

அக்கா அவசரப்படவில்லை. "நீங்க சொல்றது பொய்யில்ல அண்ணே. பயம் இல்லாம இங்கன யாரு இருக்கா? ஆனா வீட்டுக்குள்ள ஒரு பொட்டு மருந்து வராது. வந்ததும் கொல்லையில குளிச்சுட்டுத்தான் நான் அடுப்பங்கரைக்கே போவேன். உங்க பிள்ள கம்பெனிக்கா போகப்போகுது? காலேசுக்குல போகுது."

மணி பன்னிரண்டு. நான் சொன்னேன்: "அப்பா, இந்த ரெண்டு நாள்ல நம்மள உள்ள கூப்பிட்ட வீடு இது ஒண்ணுதான். நான் இங்கியே இருக்கேன்."

அப்பாவை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் முறை. அவர் உள்ளே வந்து, அறையின் ஜன்னல் கொக்கியைத் திருகிப் பார்த்தார். கதவின் தாழ்ப்பாள் ஆடுவதைப் பார்த்து, அக்காவிடம் ஒரு திருப்புளி இருக்குமா என்று கேட்டார். தாழ்ப்பாளைக் கழற்றி நேராக்கி முடுக்கினார். அது முடிந்ததும்தான் அக்கா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

மூன்றேகாலுக்குக் கல்லூரியில் விலாசம் எழுதிக் கொடுத்தேன். மாலை விருதுநகர் நடைமேடையில் அப்பா சொன்னது ஒன்றுதான்: "சத்தம் கேட்டா உடனே போன் பண்ணு. நான் கேக்கறதுக்கு முன்ன நீ பண்ணணும்."

டிசம்பரில் ஹாஸ்டலில் இடம் வந்தது. நான் போகவில்லை. நான்கு வருடமும் அந்த அறைதான். இப்போது பெங்களூரில் அலமாரி, குளியலறை எல்லாம் வைத்த அறையில் இருந்தாலும், என் அறை என்று நினைத்தால் கண்ணுக்கு வருவது அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். தினமும் மாலை நாலரை மணிக்குக் கம்பெனி வேன் வந்து நிற்கும். கைகளில் மருந்தின் வெள்ளிப்பொடி மின்ன அக்கா இறங்கி, கொல்லைப்பக்கம் போய்க் குளித்துவிட்டு வருவார். ஆடி வெள்ளிக்கு இருவரும் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்திருக்கிறோம். ஆற்று மணலில் உட்கார்ந்து கட்டிச்சோறு தின்றிருக்கிறோம். நான் கல்லூரியில் அச்சடித்துப் பழகிய பட்டாசு லேபிள்களைக் கொண்டுவந்தால், "இம்புட்டு அழகா இருக்கு, கொளுத்திப் போடுதானுகளே" என்பார்.

மூன்றாம் வருடம் ஒருநாள், மதியம் இரண்டு மணிக்கு, வகுப்பில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சாம்பிள் சத்தம் அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் எனக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. ஓடினேன். எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. நாரணாபுரம் முக்கில் பெண்களோடு பெண்ணாக நின்றேன். அக்காவின் போன் அணைந்திருந்தது. வேலையிடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அப்பாவுக்கு நான்தான் முதலில் பேசினேன். "அக்கா இன்னும் வரல" என்றேன். அவர் "நான் லைன்லயே இருக்கேன்" என்றார். பட்டறையின் இரைச்சல் பின்னால் கேட்டது. ஒன்றும் பேசாமல் முக்கால் மணி நேரம் லைனிலேயே இருந்தார்.

அக்கா நடந்து வந்தார். வெடித்தது வேறு கம்பெனி. என்னைப் பார்த்ததும், "இங்கன எதுக்கு வெயில்ல நிக்கே, சாப்பிட்டியா?" என்றார். நான் போனை அவர் கையில் கொடுத்தேன். "அண்ணே" என்றவர், அதற்குமேல் பேச முடியாமல் தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வராமல் போனவர்களின் வீடுகள் அடுத்த தெருவில் இருந்தன. அக்கா குளித்துவிட்டு நேரே அங்கேதான் போனார். இரண்டு நாள் வீட்டில் உலை வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. அக்கா ஏறிப்போனார்.

படிப்பு முடிந்து நான் கிளம்பியது ஒரு ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை. சீசன் ஆர்டர் குவிந்திருந்ததால் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. என் பஸ் ஒன்பது மணிக்கு. அவர் வேன் ஏழு மணிக்கு. ஊரைவிட்டுப் போகிறவள் நான். ஆனால் வழியனுப்ப முக்குவரை போனதும் நான்தான். எங்கள் ஊரில் விடியற்காலை ரயில் நிலையத்தில் அப்பாக்களை அனுப்பிவிட்டு நிற்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன். அங்கே ரயில், இங்கே வேன். இரண்டு ஊரிலும், போனவர்கள் திரும்புவதற்குக் காத்திருக்கும் சாயங்காலம்தான் பெரிய பொழுது.

வேனில் ஏறிய பிறகு அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ரூமைப் பூட்டிட்டுப் போ."

"சாவிய யார்கிட்டக்கா குடுக்க?"

"எவகிட்டயும் எதுக்குக் குடுக்கணும்? உன் கையில வச்சுக்கோ. எங்கிட்ட ஒண்ணு இருக்குல்ல" என்றார். வேன் கிளம்பிவிட்டது.