இடது குழலின் இருமல்

எங்கள் குடகில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வானத்தை நோக்கி அடுத்தடுத்து இரண்டு வெடி வெடிப்பார்கள். கேட்டவர்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பெள்ளியப்பாவின் தாய் இறந்தபோது அந்த வெடிகள் பக்கத்துத் தோட்டத்துக் குஷாலப்பாவின் துப்பாக்கியிலிருந்து வந்தன. பெள்ளியப்பாவின் அப்பா காளய்யா, வாலிபத்தில், மர உச்சியில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டியில் குறி தவறி, பந்தயம் வைத்த வீட்டுத் துப்பாக்கியை ஓர் எஸ்டேட் மேனேஜரிடம் தோற்றிருந்தார். அதன்பின் வேறொன்று வாங்க அவர் யாரையும் விடவில்லை.

படுக்கையில் விழுந்தபிறகு அடிக்கடி கேட்பார்: "நான் போறப்பவும் இரவல் வெடிதானாடா?"

பெள்ளியப்பா காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அதற்காகப் போன ஓர் எஸ்டேட் பங்களாவில் பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பெயிண்ட் பூசிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதில் ஒரு திருகு மட்டும் பித்தளை. தோற்றுப்போன வீட்டுத் துப்பாக்கியில் தாத்தா அப்படியொன்று போட்டதாகச் சிறுவயதில் கேட்டிருக்கிறார். பேரம் பேசாமல் வாங்கி வந்தார்.

பார்வை போயிருந்த காளய்யா தடவிப் பார்த்தார். "பித்தளைத் திருகு எவன் வேணா போடலாம். வெடிக்கட்டும், காது சொல்லும்."

பெயிண்டைச் சுரண்டியதும் இரும்பும் எஃகும் கயிறாக முறுக்கி அடித்த பழைய குழல்கள் தெரிந்தன. பெள்ளியப்பா அவற்றைக் கம்பியில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டினார். மணியோசை வந்தது, பற்றவைப்பு எங்கும் விட்டுப்போகவில்லை. துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டு, தேய்த்து, மறுபடியும் துருப்பிடிக்க வைத்தார். மெல்ல மெல்ல அந்த முறுக்கின் சுழல்கோடுகள் மேலே வந்தன. இடது குழலில் ஓர் ஒடுக்கு. உள்ளே பித்தளை அச்சைச் செலுத்தி வெளியிலிருந்து தட்டியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த இடத்தில் தகடு மெலிந்திருந்தது.

"வெடிச்சா தாங்குமா?" என்றாள் மனைவி சோந்தம்மா.

"பழைய கருமருந்துக்குத் தாங்கணும். முதல்ல கையில பிடிக்க மாட்டேன்."

துப்பாக்கியை லாரி டயரில் இறுகக் கட்டி, விசைகளில் கயிறு மாட்டி, பலாமரத்துக்குப் பின்னால் நின்று வலதை இழுத்தார். வெடித்தது. இடது தாங்குமா என்ற ஒரே நினைப்பில், எதிரொலி அடங்குமுன் அதையும் இழுத்துவிட்டார்.

ஓடிப்போய் ஒடுக்கைத் தடவினார். கீறல் இல்லை. கட்டை அவிழ்த்து, குழல்களைத் துடைத்து முடித்து மகிழ்ச்சியோடு நிமிர்ந்தபோதுதான் சரிவில் வெள்ளை உடுத்தியவர்கள் ஏறி வருவதைக் கண்டார். முன்னால் குஷாலப்பாவின் மனைவி அழுதுகொண்டே வந்தாள். பெள்ளியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

உள்ளே காளய்யா காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, அடுப்புல இருந்த பன்றிக்கறியை இறக்கி வச்சிட்டு ஓடி வந்தா, நீங்க காப்பி குடிக்கிறீங்க?" என்றார் குஷாலப்பா.

"உன் பொண்டாட்டி அழுகையில உப்பே இல்லடா. அடுத்த தடவையாவது நல்லா அழச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். காளய்யா மட்டும் மகன் நின்ற பக்கம் திரும்பினார். "இடது இருமிச்சு. ஒடுக்கு இருக்கா அதுல?"

"இருக்கு."

"தேங்காய் தப்பின ஆத்திரத்துல நான்தான் கல்லு மேல அறைஞ்சேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "நம்மதுதான். ஆனா டயருல கட்டி வெடிச்சு என்னை அனுப்பாதடா."

அந்த மெலிந்த இடம் பெள்ளியப்பாவுக்குத் தெரியும். ஒரு வெடி தாங்கியதால் மறுவெடியும் தாங்கும் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர்.

ஆடி மழையில் காளய்யா அடங்கினார். துணைக்கு இருந்த குஷாலப்பா குடையை எடுத்துக்கொண்டு தயங்கினார். "அண்ணா, என்னோடதை எடுத்துட்டு வரட்டுமா? அந்த இடது…"

"வேண்டாம்."

பெள்ளியப்பா முற்றத்தில் இறங்கி, துப்பாக்கியின் கட்டையைத் தோளில் பொருத்தி, இடக்கையை ஒடுக்கிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வலது வெடித்தது. மூச்சுவிடாமல் மற்ற விசையை அழுத்தினார்.

இடது இருமியது.

கீழே வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒவ்வொருவராக வரப்பேறி, கைச்சேற்றைக் கழுவத் தொடங்கினார்கள்.