பக்கத்தில் உட்காரவைத்த கண்டக்டர் அண்ணன்

கலியபெருமாள் அண்ணன் நம்பரிலிருந்து போன் வந்தபோது நான் வயலில் மடையை வெட்டித் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். சேற்றுக் கையோடு எடுத்து, அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, பேசிட்டீங்களா? தினேஷைப் பத்தி என்ன சொன்னாங்க?"

 அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி அமிர்தம் அண்ணியின் குரல் வந்தது.

"தம்பி, அண்ணன் போயிட்டாரு தம்பி. குளிச்சிட்டு வந்து ஒக்காந்தாரு. நான் காப்பி கொண்டாறதுக்குள்ள அப்புடியே சாஞ்சிட்டாரு. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. போனைத் தொறந்தா மொதல்ல ஒங்க நம்பர்தான் இருந்துச்சு."

முதலில் இருக்காமல் என்ன செய்யும்? முந்தின நாள் மட்டும் அவரைப் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தேன். அப்போது வெளிநாட்டில் இருக்கும் என் மகன் தினேஷிடமிருந்து போன் வராமல் இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. அண்ணன் இறந்த சேதி கேட்டதும் என் மனசில் வந்த முதல் நினைப்பு அவரைப் பற்றியது இல்லை. ஐயோ, இனிமேல் என் பிள்ளையை யார் தேடுவார்கள் என்பதுதான். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் நடுவே ஓடும் தனியார் பேருந்தில் அவர் இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தார். டிக்கெட் கொடுப்பது அவருக்கு இரண்டாவது வேலை. முதல் வேலை, யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்று பார்ப்பது. படியில் கால் வைத்தவுடனே முகத்தைப் பார்த்துக் கேட்பார். "என்னம்மா, முகம் வாடியிருக்கு?" அந்த அம்மா, பெண்ணுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைக்கவில்லை என்பார். "ஏ டீச்சர், கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. இவங்க பொண்ணு விசயம் என்னன்னு கேளுங்க." அவ்வளவுதான். அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவரிடம் போய்விடுவார். உரம் தேடுகிறவர், சொசைட்டியில் வேலை பார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மாடு விற்கிறவர் பக்கத்தில் மாடு வாங்குகிறவர். எந்த சீட்டும் அவர் நினைத்தபடிதான் நிரம்பும்.

ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சிக்கிட்டாப் போதும் தம்பி. பாதிக் கஷ்டம் பஸ்ஸுலயே எறங்கிப் போயிடும்."

நான் அப்போது கடைசி சீட்டு ஜன்னலோரம் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் யார் பக்கத்திலாவது கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார் என்ற பயம். பத்தாவதை இரண்டாம் தடவை எழுதிப் பாஸ் பண்ணினவன் நான். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகை நிலம். தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பதை என்னுடைய ஒரே பெருமையாக வைத்திருந்தேன். என் போனில் ஒன்பது நம்பர்கள் இருந்தன. அதில் ஒன்று கேஸ் சிலிண்டர்.

நான்கு வருடத்துக்கு முன்னால் தை மாதம் மழை பிடித்துக்கொண்டது. அறுக்க வேண்டிய நெல் சாய்ந்து கிடந்தது. வயலில் தண்ணீர் நின்றதால் சாதாரண அறுவடை மெஷின் இறங்காது, சேற்றில் புதையாத பெல்ட் வண்டி வேண்டும். நெல் முளைவிட ஆரம்பித்த மூன்றாம் நாள் பஸ்ஸில் அண்ணனிடம் போய் நின்றேன். சாயங்காலமே வண்டி வந்து நின்றது. மறு வருடமும் மழை. மறுபடியும் அவரிடமே போனேன்.

"போன வருசம் வந்தாரே ஒரு டிரைவர், அவரு நம்பர் குடுங்கண்ணே."

"ஏம்ப்பா, அந்த ஆளு ஒன் வயல்ல ஒரு நா பூரா நின்னாரு. பேராவது கேட்டியா?"

"இல்லண்ணே."

"சாப்பாடு குடுத்தியா?"

"வீட்டுல சுமதி குடுத்துச்சு."

"அப்ப ஒன் வீட்டுல ஒரு ஆளுக்காவது நாலு மனுசங்க வேணும்னு இருக்கு. பொழச்ச போ."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதும் டிரைவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு 'நம்ம வண்டி' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். பஸ்ஸில் போகிறவர்கள், முன்பு போனவர்கள், வெளிநாடு போய்விட்டவர்கள் எல்லாரும் அதில் உண்டு. யாருக்கோ ரத்தம் வேண்டும் என்று வரும். ரேஷன் கார்டு கிடந்தது, யாருடையது என்று வரும். ஆற்றில் தண்ணீர் எந்த மதகு வரை வந்திருக்கிறது என்று வரும். எனக்கு அந்த டிங் டிங் சத்தம் பிடிக்கவில்லை. இரண்டு தடவை குழுவை விட்டு வெளியே வந்தேன். இரண்டு தடவையும் அரை மணி நேரத்தில் என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டார். கேட்டதற்கு, "பாதியில எறங்குனா வண்டிய நிறுத்தி ஏத்திக்கிறதுதான் என் வேலை" என்றார்.

என் மகன் தினேஷ் ஐடிஐ முடித்துவிட்டு, ஏசி வேலைக்கு வளைகுடாவுக்குக் கிளம்பினதும் அந்த வண்டியில்தான். அண்ணன் அவன் தலையைத் தடவிச் சொன்னார். "அங்க நம்ம பக்கத்துப் பசங்க நாப்பது பேரு தனியா ஒரு குரூப் வச்சிருக்கானுவ. சேத்துவுடறேன். வெள்ளிக்கிழமையானா ஒண்ணா சமைச்சுச் சாப்புடுவானுவ."

நான் குறுக்கே விழுந்தேன். "வேணாம்ணே. கட்சி, சாதி, தண்ணின்னு இழுத்துவுட்டுருவானுங்க. இவன் யாரு வம்புக்கும் போகாம வேலையப் பாத்துட்டு வரட்டும்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார். "நீ என்னடா சொல்ற?"

"அப்பா சொல்றதுதான் பெரியப்பா."

"அப்ப அங்க யாருகிட்டடா பேசுவ?"

"அப்பாகிட்ட."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையைக் கூடத் தடவிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அண்ணன் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

சொன்னபடியே செய்தான். ஒன்பது மாதம், தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பேசினான். ஒரு நாள் போன் அடித்து அடித்து நின்றது. மறுநாள் அணைந்து கிடந்தது. அனுப்பிவைத்த ஏஜெண்டைக் கேட்டால், "வேலை அதிகமா இருக்குங்க, பேசுவான்" என்றார். அடுத்த வாரம் அந்த ஏஜெண்டும் போனை எடுக்கவில்லை. என் மனைவி சுமதி அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள். நான் பஸ்ஸில் ஏறி அண்ணன் முன்னால் நின்றேன்.

"கூடத் தங்கியிருக்குறவன் பேரு என்ன?"

"தெரியாதுண்ணே."

"மேஸ்திரி?"

"தெரியாது."

"சாப்பாடு எங்க சாப்புடுறான்? மெஸ்ஸா, ரூம்லயா?"

"தெரியாதுண்ணே."

"ஒம்மவன் பேராவது தெரியுமா?"

கேட்டுவிட்டு அவரே என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் அவ்வளவு பேருக்கு நடுவில் தேம்பித் தேம்பி அழுதேன். ஒன்பது மாதமாக அவனிடம் நான் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதுதான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. யாரோடும் சேராதே என்று அனுப்பியவன் எப்படிக் கேட்பேன்?

அன்றிலிருந்து அண்ணன் ஒவ்வொரு நடையிலும் தினேஷ் போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு சீட்டு சீட்டாகக் காட்டினார். "அந்தப் பக்கம் ஒங்க ஆளு யாரும் இருக்காங்களா?" குழுவில் போட்டார். குழுவில் இல்லாதவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னிடம், "ஒரு ஆளு கெடச்சிருக்கு தம்பி. அநேகமா தினேஷ் தங்கியிருக்குற கேம்ப்புதான். நாளைக்குக் காலையில பேசிட்டுச் சொல்றேன்" என்றார். அந்தக் காலையில்தான் அண்ணி பேசினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி போனை என் கையில் வைத்தார். "எல்லாருக்கும் சொல்லிடுங்க தம்பி. பூட்டெல்லாம் கெடையாது அதுக்கு."

போனுக்குள் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒழுங்கான பெயர் இல்லை. அண்ணன் எல்லாரையும் ஏறுகிற ஸ்டாப்பை வைத்துப் பதிந்திருந்தார். 'மில்லடி சிவப்பு ஹெல்மெட்'. 'வளைவு டீச்சர் குடை'. 'மதகடி தயிர்க்காரம்மா'. நான் 'கடைசி ஜன்னல் தூங்குமூஞ்சி'. தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்படியும் அப்படியே வைத்திருந்தார்.

மனிதர் உள்ளே கிடத்தப்பட்டிருக்கிறார். நான் வாசலில் நின்று அவர் போனில் வெளிநாட்டு நம்பர்களை மட்டும் பொறுக்கினேன். பதினொன்று இருந்தது. ஒவ்வொருவரிடமும் துக்கத்தைச் சொல்லிவிட்டு, அவர்கள் அழுது முடிக்கும் வரை காத்திருந்து, "என் பையனைப் பத்தி அண்ணன் இன்னைக்குப் பேசுறதா சொன்ன ஆளு நீங்கதானா?" என்று கேட்டேன். எல்லாரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். தயிர்க்காரம்மா மாதிரி ஆட்களைக் கடைசிக்குத் தள்ளினேன். தயிருக்கும் வளைகுடாவுக்கும் என்ன சம்பந்தம் என்பது என் கணக்கு. பத்தாவது பாஸ் இல்லையா!

மத்தியானத்துக்குள் தெரு கொள்ளவில்லை. ஒரு விசித்திரம் பார்த்தேன். அத்தனை பேருக்கும் அண்ணனைத் தெரியும். ஆனால் அவர் இல்லாமல் யார் பக்கத்தில் போய் நிற்பது என்று தெரியாமல் ஆளாளுக்குத் தனித்தனியாக நின்றார்கள். மாலையை வைத்துக்கொண்டு ஒருவர், குடையை மடக்கிக்கொண்டு ஒருவர். யாரும் யாரோடும் பேசவில்லை.

அப்போது ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். "தினேஷோட அப்பா யாருங்க? குடவாசல் பக்கம். தெரியுமா?" தெரியாது என்றார்கள். அடுத்தவரும் தெரியாது என்றார். இருபது வருடமாக ஒரே வண்டியில் வந்தவர்கள் அவர்கள். நான் பின்பக்கம் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தேன். எனக்கு அது காதில் விழவே இல்லை. கடைசியில் அந்த அம்மா வெறுத்துப்போய் அண்ணியிடம் துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது, போகிற போக்கில் என்னைத் தேடி வந்ததைச் சொல்லியிருக்கிறார். அண்ணி அந்த அழுகையிலும் எழுந்து வந்து என்னைக் காட்டினார்.

"நீங்கதானா? ஒங்களத் தேடுறேன் தேடுறேன், ஒரு சனத்துக்கும் ஒங்களத் தெரியலையே! என்னங்க மனுசன் நீங்க?"

அவர்தான் மதகடி தயிர்க்காரம்மா. அவருடைய மூத்த மகன் தினேஷ் வேலை பார்க்கும் ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறாராம். அண்ணன் பேசியது மகனிடம் இல்லை, இந்த அம்மாவிடம். போட்டோவை அம்மா மகனுக்கு அனுப்பி, மகன் அந்தக் கேம்ப்புக்குத் தண்ணீர் விடப் போகும்போது விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு தாய் அன்று கூட்டம் முழுக்க ஆள் கேட்டு அலைந்திருக்கிறார், நான் அவரைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன்.

அண்ணனைத் தூக்கினபோது அந்தத் தெரு கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அவருடைய பேருந்து ஓரமாக நின்று ஒரு முறை ஹாரன் அடித்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தார். திரும்பி வரும்போது நான் முதல் தடவையாக, பக்கத்தில் நடந்தவரிடம் நானாகப் பேசினேன். "நீங்க எந்த ஸ்டாப்புங்க?" என்று கேட்டேன். "மில்லடி" என்றார். வீடு வந்து சேர்வதற்குள் ஆறு பேரைத் தெரிந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரே நாளில் ஆறு பேர்.

நேற்றுத் தயிர்க்காரம்மா மகன் பேசினார். தினேஷ் அந்தக் கேம்ப்பில்தான் இருந்திருக்கிறான். ஒரு நாள் காய்ச்சல் அதிகமாகி, கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். போன் தலையணைக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி என்று அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அமைதியான பையன், யாரோடும் பேசமாட்டான், அதனால் விசாரிக்கவில்லை என்றார்களாம். கம்பெனியில் கேட்டால் பதில் இல்லை. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாயிற்று. தூதரகத்துக்கும் எழுதியாயிற்று. சுமதி சாமி அறையை விட்டு வெளியே வருவதில்லை.

இந்தக் கட்டுரை பதினாறாம் நாள் படத்திறப்பில் கொடுக்கப்போகும் நினைவு மலருக்காக எழுதுவது. குழுவிலும் போடுவார்கள். அண்ணே, உங்களுக்கு நல்லபடியாக விடை சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும். மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் சொந்த மகனைப் பற்றி எழுதுவது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி நீங்களே எழுதியிருப்பீர்கள். போய் வாருங்கள் அண்ணே. நீங்கள் ஏற்றிவிட்ட இத்தனை பேரும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

வளைகுடாப் பக்கம் ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவரோ, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரோ, சமைக்கிறவரோ உங்களுக்கு யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெயர் தினேஷ். வயது இருபத்துநான்கு. மாநிறம். இடது புருவத்தில் தழும்பு. அவனைப் பார்த்தால் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். தானாக வந்து யாரிடமும் பேசமாட்டான். அது நான் வளர்த்த வளர்ப்பு. முதல் வார்த்தையை நீங்கள்தான் பேச வேண்டும்.